டீசல் எங்கே ஒழுகுகிறது? படகு இஞ்சினில் கசிவைத் தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடும் படகு ஒன்றில் மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின் இருக்கிறது. போன மழைக்காலத்தில் அதன் அடியில் டீசல் தேங்கத் தொடங்கியது. தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் லிப்ட் பம்பின் அடியில் துளி தொங்கியதைப் பார்த்து லிப்ட் பம்பை மாற்றினார்கள். ஒழுகல் நிற்கவில்லை. வாங்கிய பம்பே பழுது என்று இன்னொன்று வாங்கிப் போட்டார்கள். அதற்கும் நிற்கவில்லை. பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

இஞ்சின் முழுவதையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு மூட்டிலும் டிஷூவைச் சுற்றி, இருபது நிமிடம் ஓடவிட்டோம். பம்பில் சுற்றிய டிஷூவை விட முதலில் நனைந்தது, அதற்கு ஓர் அடி மேலே பில்டர் தலையில் இருந்த டிஷூ. அங்கே ஒரு போல்ட்டின் செம்பு வொஷரில் டீசல் கசிந்து, குழாயின் பின்பக்கமாக வழிந்து இறங்கி, பம்பின் அடியில் வந்து துளியாகியிருக்கிறது. இரண்டு செம்பு வொஷரை மாற்றினோம். அவ்வளவுதான் வேலை.

தோட்டத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் பார்க்கும் பிட்டர் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்த்தேக்கத்துப் படகுகளையும் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் கண்டது ஒன்றுதான். துளி விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்பெனரை விடத் துணியும் பொறுமையும்தான் உதவும். ஸ்பெனரை முதலில் எடுத்தவர்கள் நல்ல மூட்டையும் இறுக்கிக் கெடுத்துவிடுவார்கள்.

சின்ன ஒழுகல்தானே என்று விடக்கூடாது. விநாடிக்கு ஒரு துளி விழுந்தால், ஒரு நாளைக்குச் சில லீற்றர் ஆகிவிடும். அது படகின் அடிப்பள்ளமான பில்ஜில் சேர்ந்து, பில்ஜ் பம்ப் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போகும். இந்தத் தண்ணீர் கெசல்கமு ஓயாவின் தண்ணீர். கீழே மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்புக்குக் குடிநீராகிறது. இங்கே கரையோரத்தில் குளிப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் நம் ஆட்கள்தான். அதனால் இந்த வேலையை நான் வெறும் இஞ்சின் வேலையாகப் பார்ப்பதில்லை.

கை வைக்கும் முன்

டீசல், பெற்றோலைப் போலச் சட்டென்று பற்றாது. அது ஆவியாகித் தீப்பிடிக்க 55 பாகை செல்சியஸுக்கு மேலாவது சூடு வேண்டும். ஆனால் மெல்லிய தூவானமாகப் பீறிட்டுச் சூடான எக்ஸோஸ்ட் குழாயில் பட்டால் கதை வேறு. கப்பல்களின் இஞ்சின் அறைத் தீ பல இப்படித் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் கப்பல்களுக்கான சோலாஸ் விதிகள், உயர் அழுத்த டீசல் குழாய்க்கு மேல் இன்னோர் உறைக்குழாய் வேண்டும் என்றும், 220 பாகைக்கு மேல் சூடாகும் பாகங்களை மூடி வைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நம் சிறிய படகுகளில் அந்த உறை இருக்காது. கவனம்தான் உறை.

எனவே இஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். பற்றரியின் சுவிட்சை நிறுத்துங்கள். தீயணைப்புக் கருவி கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பில்ஜில் டீசல் நிறைந்திருக்கும்போது இஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். முதலில் அதை அள்ளி எடுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் மறக்கவே கூடாது. ஓடும் இஞ்சினில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். டீசல் பம்பிலிருந்து, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில், பழைய வகை இஞ்சினிலேயே 120 முதல் 250 பார் வரை அழுத்தம் வரும். பஸ் டயரில் இருப்பது 7 பார் அளவுதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் புதிய கொமன் ரெயில் இஞ்சின்களில் டீசலின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். ஊசிமுனை அளவு வெடிப்பிலிருந்து வரும் டீசல் கண்ணுக்குத் தெரியாது. கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் இருக்கும், முதலில் பெரிதாக வலிக்கவும் மாட்டாது. அதை நம்பி வீட்டுக்குப் போய்ப் படுத்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அப்படி நடந்துவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நோர்வூட், ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. போனதும், "அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சும்மா காயம் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஒழுகுவது டீசல்தானா?

மலைநாட்டில் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை பருவமழையும் பனிமூட்டமும் இருக்கும்போது, குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். காலையில் மூடியைத் திறப்பவருக்கு இஞ்சின் முழுவதும் ஒழுகுவது போலத் தெரியும்.

சோதனை எளிது. ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சந்தேகத் துளியை அதில் விடுங்கள். டீசல் உடனே பரவி வானவில் நிறம் காட்டும். தண்ணீர் காணாமல் போகும். இஞ்சின் ஒயில் கறுப்பாக, தடிப்பாக நிற்கும். கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ நிறமும் இனிப்பான வாடையும் இருக்கும். அதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், நஞ்சு. இன்னொரு வித்தியாசம்: இளஞ்சூடான இஞ்சினில் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும், டீசல் காயாது, தூசியைப் பிடித்துக்கொண்டு ஈரக் கறையாக அங்கேயே கிடக்கும்.

துடைத்தல்

பாதி வேலை இதுதான். அழுக்கு இஞ்சினில் கசிவைத் தேடுவது சேற்றில் ஊசி தேடுவது போல.

இஞ்சின் ஆறிய பிறகு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு மூட்டையும் துணியால் துடையுங்கள். எண்ணெய் எடுக்கும் கிளீனர் இருந்தால் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்க்கலாம். பிரஷர் வொஷர் அடிக்க வேண்டாம். தண்ணீர் அல்டர்னேட்டருக்குள்ளும் காற்று எடுக்கும் வாயிலும் போய்விடும். குழாய்களின் பின்பக்கத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடியும் டோர்ச்சும் வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைக் கம்பியில் கட்டினாலே போதும்.

பில்ஜில் கிடக்கும் டீசலைத் துணியாலும் மரத்தூளாலும் எடுத்து, வாளியில் போட்டுக் கரைக்குக் கொண்டு வாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றிக் கலக்கி வெளியே பம்ப் பண்ணுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. சோப்பு டீசலை இல்லாமல் ஆக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைத்து மீனுக்குக் கொடுக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பில்ஜ் பம்ப் தானாக ஓடும் வகை என்றால், கசிவைத் தேடி முடிக்கும் வரை அதைக் கையால் ஓட்டுங்கள். படகில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கட்டும்.

துடைத்த பிறகு பவுடர் தூவிப் பார்க்கச் சொல்வார்கள். டீசல் வந்த இடத்தில் பவுடர் கறுக்கும் என்பது சரிதான். கடற்கரை வெயிலில் அது நன்றாக வேலை செய்யும். நம் பனியில் அரை மணி நேரத்தில் பவுடர் முழுவதும் ஈரமாகி எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகிவிடும். எனக்கு ஒத்துவந்தது டிஷூதான். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சுற்று சுற்றி நூலால் கட்டிவிடுங்கள். தண்ணீரில் நனைந்த டிஷூ காய்ந்தால் வெள்ளையாகிவிடும். டீசலில் நனைந்தது கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும், காயாது, மணக்கும். ஆனால் பெல்ட், பெல்ட் ஓடும் சக்கரம், விசிறி, எக்ஸோஸ்ட் பக்கம் டிஷூவை வைக்கக் கூடாது. உயர் அழுத்தக் குழாயில் சுற்றிய டிஷூவை இஞ்சின் ஓடும்போது தொடவும் கூடாது.

இஞ்சினுக்கு அடியில் வெள்ளைக் காட்போட் மட்டை ஒன்றை விரித்து, எந்தப் பாகத்துக்கு நேர் கீழே என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.

எப்போது ஒழுகுகிறது என்று கேளுங்கள்

இடத்தைத் தேடும் முன் நேரத்தைத் தேட வேண்டும். படகு ஓட்டுபவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அந்த மூன்று சிலிண்டர் படகை ஓட்டும் தம்பியிடம் கேட்டபோது, "அண்ணே, நிப்பாட்டி வச்சா ஒரு சொட்டும் இல்ல, ஓடினாத்தான் வருது" என்றார். அந்த ஒரு பதில் பாதித் தேடலை மிச்சப்படுத்தியது.

டீசலின் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியிலிருந்து தண்ணீர் பிரிக்கும் பில்டருக்கு வரும். அங்கிருந்து லிப்ட் பம்ப் அதை உறிஞ்சும். லிப்ட் பம்ப் இரண்டாவது பில்டர் வழியாக டீசல் பம்புக்குத் தள்ளும். டீசல் பம்ப் உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அடிக்கும். மிஞ்சியது ரிட்டர்ன் குழாயில் தாங்கிக்குத் திரும்பும். உறிஞ்சும் பக்கம், இலேசாகத் தள்ளும் பக்கம், பலமாக அடிக்கும் பக்கம், திரும்பும் பக்கம் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றும் ஒழுகும் விதம் வேறு.

ஓடும்போது மட்டும் ஒழுகினால் தள்ளும் பக்கம், அடிக்கும் பக்கம், ரிட்டர்ன் ஆகிய மூன்றில் ஒன்று. நிறுத்தி வைத்திருக்கும்போதும் ஒழுகினால் தாங்கியின் டீசல் மட்டம் அந்த மூட்டை விட உயரத்தில் இருக்கிறது, புவியீர்ப்பில் இறங்குகிறது என்று அர்த்தம். தாங்கியை நிரப்பிய அன்று மட்டும் ஒழுகினால் தாங்கியின் மேல்பக்கம்: நிரப்பும் குழாய், அளவு காட்டும் மீட்டரின் கேஸ்கட், காற்றுக் குழாய். படகு ஆடும்போது மட்டும் வந்தாலும் அங்கேதான் பாருங்கள்.

ஒழுகலே இல்லை, ஆனால் இஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது, அல்லது ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. இதுவும் கசிவுதான். உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் ஓட்டை டீசலை வெளியே விடுவதற்குப் பதிலாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. படகில் தாங்கி பெரும்பாலும் இஞ்சினை விடத் தாழ்வாக இருப்பதால் இது அடிக்கடி வரும். தொழிற்சாலை ஜெனரேட்டரில் சின்னத் தாங்கியை உயரத்தில் வைத்திருப்பார்கள். அங்கே அதே ஓட்டை இரவெல்லாம் சொட்டும். ஒரே பழுது, இரண்டு முகம்.

தாங்கியிலிருந்து லிப்ட் பம்ப் வரை

காற்றைக் கண்ணால் பார்ப்பதுதான் நேர்வழி. தண்ணீர் பிரிக்கும் பில்டரில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் இஞ்சின் ஓடும்போது அதில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் லிப்ட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான குழாயைத் தற்காலிகமாகப் போடுங்கள். குமிழி ஓடினால் காற்று அதற்கு முன்னால் எங்கோ நுழைகிறது. சோதனை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். அது நிரந்தரமாக இருக்கும் பொருள் அல்ல.

பாதியாகப் பிரிக்க இன்னொரு வழி. சுத்தமான டீசல் உள்ள கேன் ஒன்றை ஆடாமல் கட்டி வைத்து, புதுக் குழாயால் நேராக லிப்ட் பம்புக்கு இணையுங்கள். இஞ்சின் ஒழுங்காக ஓடினால் குற்றம் தாங்கிப் பக்கத்தில். அப்போதும் இழுத்தால் பம்பிலோ அதற்குப் பிறகோ. தாங்கிப் பக்கம் என்று தெரிந்ததும் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் திருடன் அகப்படுவான்.

எந்த மூட்டு என்று பார்க்க, உறிஞ்சும் பக்கத்தைத் தள்ளும் பக்கமாக மாற்றிப் பாருங்கள். தாங்கியின் வாயிலில் கையால் அமுக்கும் பிரைமர் பல்ப் ஒன்றைச் சேர்த்து மெதுவாக அமுக்கினால், காற்று இழுத்த மூட்டில் டீசல் முத்தாக வரும். கை அழுத்தமே போதும். கராஜ் கொம்பிரஸரைத் தாங்கியில் செருகாதீர்கள். தாங்கிக்கு அந்த அழுத்தம் தாங்காது, வெடித்துப் பிளந்துவிடும்.

குற்றவாளி பெரும்பாலும் சின்னது. பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது வளையத்தைப் போட்டிருப்பார்கள். அல்லது பில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் விடும் திருகு தளர்ந்திருக்கும். ஹோஸின் முனை வெடித்து, கிளிப் அதன் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். ரப்பர் ஹோஸை இரண்டாக மடித்து வளைத்துப் பாருங்கள். வளைந்த இடத்தில் முடி போன்ற வெடிப்பு தெரிந்தால் அதற்கு வயதாகிவிட்டது.

மலைக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையை விட 12 சதவீதம் அளவு குறைவு. தாங்கியிலிருந்து டீசலைத் தூக்கித் தருவது அந்தக் காற்றழுத்தம்தான், பம்ப் வெற்றிடத்தை மட்டுமே உண்டாக்குகிறது. அதனால் கீழே இருக்கும்போது எப்படியோ ஓடிய அரைகுறை உறிஞ்சு குழாய், அடைபட்ட பில்டரோடு சேர்ந்து மேலே வந்ததும் தொல்லை கொடுக்கும். கடற்கரையிலிருந்து படகு கொண்டு வந்தவர்கள் முதலில் இந்தப் பக்கத்தைப் புதிதாக்கிவிடுங்கள்.

தாங்கியையும் விடாதீர்கள். இரும்புத் தாங்கி துருப்பிடிப்பது பெரும்பாலும் அடியில், ஈர மரத்தில் உட்காரும் இடத்தில். நம் குளிர் இரவில் பாதி வெறுமையாக இருக்கும் தாங்கியின் உள்சுவரில் ஈரம் படிந்து அடியில் தண்ணீராகத் தேங்கும். அது உள்ளிருந்தும் அரிக்கும். சந்தேகம் இருந்தால் மாலையில் குச்சியால் அளந்து கோடு போட்டு வையுங்கள், காலையில் மறுபடி அளந்து பாருங்கள்.

லிப்ட் பம்பும் பில்டர் தலையும்

இங்கே அழுத்தம் அரை பாருக்குள்தான் இருக்கும். ஆகவே பீறிடாது, வியர்ப்பது போல வரும், வழிந்து ஓடும். எங்கள் இரண்டு பம்ப் கதை நடந்தது இந்த இடத்தில்தான்.

விதி ஒன்றே: நனைந்திருக்கும் இடங்களில் மிக உயரமானதைத் தேடுங்கள், அங்கிருந்து கீழே வாருங்கள். டீசல் மேலே ஏறாது. ஆனால் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நீண்ட தூரம் பக்கவாட்டில் போகும். இஞ்சின் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தால், படகில் பெரும்பாலும் அப்படித்தான், கியர்பொக்ஸ் பக்கமாக வழியும். விசிறியோ பெல்ட் சக்கரமோ அருகில் இருந்தால் தூவி வேறெங்கோ தெளிக்கும்.

பேஞ்சோ போல்ட் என்பது நடுவில் துளை உள்ள போல்ட். அதன் கண்ணுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு செம்பு வொஷர் வேண்டும். செம்பு ஒரு தடவை நசுங்கினால் கடினமாகிவிடும். மறுபடி போட்டால் பிடிக்காது. புது வொஷரே நல்லது. கடை தூரம், ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லை என்றால், பழைய வொஷரைப் படகுக்கு வெளியே, கரையில், மங்கிய சிவப்பாகும் வரை சுட்டுத் தண்ணீரில் போடுங்கள், இளகிவிடும். பிறகு கரியைத் தேய்த்து மட்டமாக்கிப் போடலாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வொஷர் அடுக்கி இறுக்குவது தீர்வே அல்ல. அந்தப் படகில் யாரோ அப்படித்தான் செய்திருந்தார்கள்.

லிப்ட் பம்பின் உடலில் சின்னத் துளை இருந்து அதிலிருந்து டீசல் வந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் டயபிராம் கிழிந்துவிட்டது. இந்தப் பழுது வெளியே மட்டும் ஒழுகுவதோடு நிற்காது.

ஒயிலுக்குள் போகும் டீசல்

வெளியே ஒரு சொட்டும் இல்லை, காற்றும் இல்லை, ஆனால் டீசல் குறைகிறது. அப்போது ஒயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், ஒயில் தண்ணீர் போல ஓடினால், டீசல் மணம் வந்தால், அதில் டீசல் கலந்துவிட்டது. கிழிந்த டயபிராம், டீசல் பம்பின் ஷாப்ட் சீல், சில இஞ்சின்களில் வால்வு மூடிக்குள் ஓடும் ரிட்டர்ன் குழாய் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மெல்லிய தாளில் ஒரு துளி ஒயில் வைத்தால் டீசல் கலந்த ஒயிலைச் சுற்றி வெளிறிய வளையம் விரியும்.

இது தெரிந்த பிறகு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். மெலிந்த ஒயில் பெயரிங்கைத் தின்னும். அதை விட மோசம், அதிகமான ஒயிலையே இஞ்சின் எரிபொருளாக இழுத்து நிறுத்த முடியாமல் ஓடிவிடக்கூடும். பழுதைச் சரிசெய்து ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

உயர் அழுத்தக் குழாய்கள்

இங்கே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, நீண்ட கம்பு வேண்டும். கம்பின் நுனியில் காட்போட் மட்டையைக் கட்டி, ஓடும் இஞ்சினில் குழாய்க்குப் பக்கத்தில் மெதுவாக நகர்த்துங்கள். கசிவு இருந்தால் மட்டையில் நனைந்த கோடு விழும். முகத்தையும் கையையும் தள்ளி வைத்திருங்கள். இடம் தெரிந்ததும் இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு கிட்டப் போங்கள். கொமன் ரெயில் இஞ்சின் என்றால் இந்தச் சோதனையையே நீங்கள் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நட்டில் கசிந்தால் உடனே இன்னும் இறுக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். குழாயின் கூம்பு முனைக்கும் அது உட்காரும் இருக்கைக்கும் இடையில் ஒரு மணல் துகள் இருந்தாலே ஒழுகும். தளர்த்தி, துடைத்து, குழாய் நேராக உட்காருகிறதா என்று கையால் பார்த்து, நட்டை விரலால் கடைசிவரை ஓட்டி, பிறகு இஞ்சின் புத்தகத்தில் சொன்ன அளவு இறுக்குங்கள். டீசல் பம்பின் பக்கம் இரண்டு ஸ்பெனர் வேண்டும்: ஒன்று நட்டுக்கு, மற்றது அடியில் இருக்கும் டெலிவரி வால்வைத் திரும்பாமல் பிடிக்க. அது திரும்பினால் அதன் ரப்பர் வளையம் (ஓரிங்) கெட்டு ஒரு கசிவு இரண்டாகும்.

குழாயே வெடித்திருந்தால் புதுக் குழாய்தான். பிரேசிங், வெல்டிங், எபொக்சி எதுவும் வேண்டாம். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் போனது. யாரோ கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. குழாய் அதிர்ந்து அதிர்ந்து முனையில் கீறுகிறது. எனவே குழாயோடு கிளாம்பையும் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் இதே வேலைதான்.

இன்ஜெக்டர் அடியில் கறுப்புத் தார் போலப் படிந்து, "சுக் சுக்" என்று சத்தம் வந்தால் அது டீசல் குழாய்க் கசிவு அல்ல. அடியில் இருக்கும் செம்பு வொஷர் வழியாக எரிந்த வாயு வெளியேறுகிறது. இன்ஜெக்டரைக் கழற்றி வொஷர் மாற்ற வேண்டும்.

ரிட்டர்ன் குழாய்கள்

அழுத்தமே இல்லாத இடம், அதனால் யாரும் பார்ப்பதில்லை. நூல் உறை போட்ட மெல்லிய ரப்பர்க் குழாய்கள் இஞ்சின் சூட்டில் பிஸ்கட் போல உடையும். ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

திருத்தும்போது சில விஷயங்கள்

டெஃப்ளான் டேப்பை டீசல் மூட்டில் சுற்ற வேண்டாம். கூம்பு மூட்டும் வொஷர் மூட்டும் மரையில் அடைபடுவதில்லை, ஆகவே டேப்பால் பயனே இல்லை. அதன் துண்டு உள்ளே போய் டீசல் பம்பை அடைத்தால் செலவு பல மடங்கு. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்கு அது நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

படகுக்கு ஹோஸ் வாங்கும்போது மேலே ஐஎஸ்ஓ 7840 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். அது தீயில் இரண்டரை நிமிடம் தாங்கும் என்று சோதித்த வகை. வாகனக் கடையில் கிடைக்கும் சாதாரண ஹோஸ் அதற்கு ஈடாகாது. ஹோஸ் இஞ்சின் படுக்கையில் உரசும் இடத்தில் கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டுங்கள். தாங்கியிலிருந்து வரும் செம்புக் குழாயை நேராக இஞ்சினில் பூட்டக் கூடாது; அதிர்வில் செம்பு கடினமாகி வெடிக்கும். இடையில் ஒரு வளையும் ஹோஸ் வேண்டும்.

காற்றெடுத்து மறுபடி சோதித்தல்

மூட்டைத் திறந்ததால் காற்று புகுந்திருக்கும். தாங்கிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: முதல் பில்டர் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் அதைச் சுத்தமான டீசலால் நிரப்பி மூடுங்கள், பிறகு இரண்டாவது பில்டர், டீசல் பம்பின் திருகு. லிப்ட் பம்பின் கை நெம்பை அமுக்கி, இந்த இரண்டிலும் குமிழி இல்லாத டீசல் வரும் வரை விட்டு மூடுங்கள். நெம்பு அசைந்தும் பம்ப் பிடிக்காவிட்டால் பம்பை அசைக்கும் கேம் அடியில் மேட்டில் நிற்கிறது. இஞ்சினை ஒரு சுற்று திருப்பினால் சரியாகிவிடும். கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரில் சுழற்றி, டீசல் வந்ததும் இறுக்குங்கள். அந்த நேரத்தில் நட்டுக்குப் பக்கத்தில் விரல் வேண்டாம்.

படகு இஞ்சினுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எக்ஸோஸ்டில் தண்ணீர் விட்டுக் குளிரவைக்கும் வகை என்றால், ஸ்டார்ட் ஆகாத இஞ்சினை நீண்ட நேரம் சுழற்றும்போது குளிரூட்டும் தண்ணீர் சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குள் திரும்பிவிடும். ஆகவே சுழற்றும்போது தண்ணீர் வால்வை மூடி வையுங்கள், ஸ்டார்ட் ஆன உடனேயே திறந்துவிடுங்கள். ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சாக அழுத்தாமல் ஆறவிட்டு ஆறவிட்டுச் சுழற்றுங்கள்.

பிறகு மறுபடியும் துடைத்து, புது டிஷூ சுற்றி, படகைக் கட்டி வைத்தபடி அல்ல, தண்ணீரில் ஆட்களோடு அரை மணி நேரம் பாரத்தில் ஓட்டிப் பாருங்கள். வெறுமனே ஓடும்போது அடங்கிக் கிடக்கும் கசிவு பாரத்தில் வெளியே வரும். நல்லபடியாக இருந்தாலும் அன்றே முடித்துவிடாதீர்கள். நம் இரவுக் குளிரில் இரும்பும் ரப்பரும் சுருங்கும். சூட்டில் அடைத்துக்கொண்ட மூட்டு காலையில் சொட்டும். டிஷூவையும் வெள்ளை மட்டையையும் அப்படியே விட்டு, மறுநாள் ஸ்டார்ட் பண்ணும் முன் போய்ப் பாருங்கள்.

அந்தப் படகில் மறுநாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தோம். பில்டர் தலையில் இருந்த டிஷூ பனியில் ஈரமாக இருந்தது. தம்பி முகம் வாடிப் போனார். கழற்றித் தட்டில் இருந்த தண்ணீரில் பிழிந்து காட்டினேன். நிறம் பரவவில்லை.